டத்தோ முன்னால் இருந்த ஸ்டவுட்

சன்னாசி அண்ணன் தினமும் இரண்டு தமிழ்ப் பத்திரிகை வாங்குவார். ஒன்று எங்கள் பக்கத்து அரசியல்வாதியான டத்தோவின் கட்சியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். இன்னொன்று அதே கட்சியைப் போட்டுத் தாக்கும். இரண்டையும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துச் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். இதில் வந்த செய்தி அதில் வராவிட்டால் ஒரு கோடு. அதில் வந்தது இதில் வராவிட்டால் இரண்டு கோடு. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குள் யாரையாவது திட்டி முடித்திருப்பார். அநேகமாக என்னை.

காரணம், நான் நிருபர். பகாவ் டவுனில் ஒரு போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். அதோடு மேலே சொன்ன இரண்டாவது பத்திரிகைக்கு, அந்தத் தாக்குகிற பத்திரிகைக்கு, பகுதி நேரமாகச் செய்தி அனுப்புகிறேன். கோயில் திருவிழா, பள்ளிப் பரிசளிப்பு, மரண அறிவிப்பு, கருமக்கிரியை விளம்பரம், இதுதான் என் எழுத்துலகம். செய்திக்குக் கீழே 'குணாளன், பகாவ்' என்று பொடி எழுத்தில் வரும். அந்தப் பொடி எழுத்துக்காகத்தான் இருபது வருடமாக இந்த வேலையைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்து வளர்ந்ததெல்லாம் பகாவுக்கு வெளியே புக்கிட் செலாசே தோட்டத்தில். பதினைந்து வயதில் பால் வெட்டப் போனவர். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது, பால் கத்தியை வைத்துவிட்டு நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக் குலை அறுக்கப் பழகிக்கொண்டார். பதினாறு வருடம் தோட்டத்துத் தொழிற்சங்கச் செயலாளர். மேனேஜர்கள் அவருக்குப் பயந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் கிராணிகள், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்கள், ஃபைலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் பால் நிறுத்து முடிந்ததும் ஸ்டோர் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் பாதிப் பேர். அண்ணன் அவர்களுக்குப் பத்திரிகை வாசிப்பார். அப்போதே இரண்டு பத்திரிகைதான். ஒருநாள் பஸ்ஸில் ஒரே ஒரு பத்திரிகை வந்து சேர்ந்தது. அன்றைக்கு வாசிக்க மாட்டேன் என்று மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாராம். "ஒரு பக்கத்த மட்டும் கேட்டுட்டு வீட்டுக்குப் போனா இன்னிக்குப் பூரா தப்பாவே நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. நாளைக்கு ரெண்டும் வரட்டும்" என்றாராம். ஆட்கள் கத்தியிருக்கிறார்கள். அசையவில்லை. அவரோடு வாழ்வது எவ்வளவு சிரமம் என்பதற்கு இந்த ஒரு கதை போதும்.

வாழ்ந்தவர் தாயம்மா அக்கா. அவரும் பால் வெட்டியவர், முப்பத்தொரு வருடம். எழுதப் படிக்கத் தெரியாது. ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து புருஷன் வாசிப்பதை முழுக்கக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். "ரெண்டு பேருமே பொய்யி" என்பதுதான் பெரும்பாலும் தீர்ப்பு. அண்ணன் அதற்கு மட்டும் எதிர்வாதம் செய்ததில்லை.

தாயம்மா அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டவுட் குடிப்பார். அந்தக் கசப்பான கறுப்பு பீர்தான். மகள் ரதி பிறந்தபோது உடம்பு தேற வேண்டும் என்று தோட்டத்து மருத்துவச்சி கொடுக்கச் சொன்னது, அப்படியே நின்றுவிட்டது. தோட்டத்தில் எத்தனையோ பெண்கள் குடித்தார்கள். விடியுமுன் எழுந்து மலை ஏறி இறங்கும் உடம்புக்கு அது வேண்டியிருந்தது. பகாவில் சீனர் கடையில் அண்ணன்தான் வாங்கி வருவார், பத்திரிகைத் தாளில் சுற்றி. சுற்றுவதற்கு டத்தோ கட்சிப் பத்திரிகையைத்தான் எடுப்பார். அதற்காவது பயன்படட்டும் என்பார்.

டத்தோவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இன்னொரு சண்டை வரும். அவரும் இதே தோட்டத்துப் பிள்ளைதான், கிராணி மகன். கிராணியின் மனைவி நோயாளி. அதனால் சின்ன வயதில் பாதி நாள் தாயம்மா அக்கா வீட்டில்தான் சாப்பாடு. 'தாயக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டே முந்தானையைப் பிடித்துத் திரிந்த பையன் பிறகு சிரம்பான் போய், கட்சியில் சேர்ந்து, டத்தோ பட்டமும் வாங்கிவிட்டார். தோட்டத்து ஆட்களுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லி மூன்று தேர்தலுக்கு மூன்று தடவை அடிக்கல் நாட்டினார். அதே கல்தான், ஒவ்வொரு தடவையும் கழுவி வைப்பார்கள் என்று அண்ணன் சொல்வார். பன்னிரண்டு வருடம் தாமதமாக அந்த வரிசை வீடுகள் வந்தன. அதில் ஒன்றில்தான் அண்ணன் குடியிருந்தார். அதே வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே டத்தோவைத் திட்டுவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூன். மலேசியா முழுக்கக் கொரோனாவுக்காகப் பூட்டிக் கிடந்த மாதம். மாவட்டம் விட்டு மாவட்டம் போக வேண்டுமானால் போலீசில் அனுமதிக் கடிதம், எங்கள் பேச்சில் சூராட், வாங்க வேண்டும். அந்த மாதம் முதல் வாரத்தில் தாயம்மா அக்கா இறந்துபோனார். கொரோனா இல்லை, இருதயம். காலையில் டீ போட எழுந்தவர் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரே மகள் ரதி சிரம்பானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. செய்தி கிடைத்ததும் போலீஸ் நிலையத்துக்கு ஓடி, மூன்று மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்று, அழுதுகொண்டே கடிதம் வாங்கி வந்து சேர்ந்தாள். மரண அறிவிப்பை நான்தான் பத்திரிகைக்கு அனுப்பினேன். அதிகம் பேர் கூடக்கூடாது என்பதால் எட்டாம் நாள் படையலுக்கு நான் போகவில்லை.

போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

படையலுக்கு மறுநாள் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. யார் யாரோ அனுப்பி, சுற்றிச் சுற்றி வந்த படம். டத்தோ பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முகக்கவரி தாடையில் கிடக்கிறது. முன்னால் வாழை இலை. இலையில் ஆட்டுக்கறி, கோழி, முட்டை. இலையோரம் ஒரு போத்தல் ஸ்டவுட், பக்கத்தில் நுரையோடு நிறைந்த கிளாஸ். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'சிரம்பான் டத்தோ பகாவில் விருந்து சாப்பிடுறாரு. நமக்கு மட்டும்தான் ரூல்ஸ்.'

எனக்குக் கை பரபரத்தது. டத்தோவின் உதவியாளருக்குப் போன் போட்டேன். இரண்டு முறை மணி அடித்தது, எடுக்கவில்லை. வைத்துவிட்டேன். 'டத்தோவைத் தொடர்புகொள்ள முயன்றும் முடியவில்லை' என்று எழுதிப் படத்தோடு தலைமை ஆபீசுக்கு அனுப்பினேன். இரண்டு தடவை மணி அடித்ததற்குப் பெயர் முயற்சி.

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. 'மக்கள் வீட்டில், டத்தோ விருந்திலா?' தலைப்பை நான் போடவில்லை, ஆபீசில் போட்டார்கள். ஆனால் கீழே இருந்த பொடி எழுத்து என்னுடையதுதான்.

பகாவில் பத்திரிகை விற்பது சுல்தான் பாய் சாப்பாட்டுக் கடையில். அப்போது உட்கார்ந்து சாப்பிடத் தடை. பொட்டலம் மட்டும்தான். வாசலில் ஒரு மீட்டருக்கு ஒரு கோடாகச் சிவப்பு டேப் ஒட்டியிருப்பார். கோட்டுக்கு ஒருவர் நின்றுகொண்டு சண்டை போட்டதால் எல்லாரும் கத்தித்தான் போட வேண்டியிருந்தது.

"மத்த கட்சிக்காரன் போனான், அப்ப இந்தப் பேப்பருக்குக் கண்ணு தெரியல. நம்ம டத்தோ போனா மட்டும் முன்பக்கமா?" இது வீரமுத்து, லாரி ஓட்டுகிறவர், டத்தோவின் ஆள்.

"அடுத்தவன் போனா நீங்க போலாமா? என்னா நியாயம்லா இது?" இது லோகேஸ்வரி. கையுறை ஃபேக்டரியில் வேலை. "எங்கம்மா ரெம்பாவ்ல செத்தப்ப எனக்கு சூராட் கெடைக்கல. மொகத்தக்கூட வீடியோவுலதான் பாத்தேன். இவரு ஆட்டுக்கறி திங்க வர்றாரு."

வீரமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "பேப்பர்காரன் நியாயமா எழுதணும், அதான் நான் சொல்றேன்" என்று முனகினார்.

"கோட்டுக்குள்ள நின்னு சண்ட போடுங்க. வெளிய வந்தா எனக்குத்தான் சம்மன்" என்றார் சுல்தான் பாய், பரோட்டாவைத் தட்டிக்கொண்டே.

நான் நான்காவது கோட்டில் நின்றிருந்தேன். பாராட்டு வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக. அப்போதுதான் அண்ணன் மோட்டாரை நிறுத்தினார். மனைவி போய்ப் பத்து நாள். சவரம் செய்யாத முகம். எல்லாரும் சட்டென்று அமைதியானார்கள். ஆனால் அந்த அமைதிக்குள் ஒரு எதிர்பார்ப்பும் இருந்தது. டத்தோவின் ஆயுள்கால எதிரிக்கு ஆண்டவனே அனுப்பிய செய்தி அல்லவா?

"அண்ணே, ஒங்க ஆளு மாட்டிக்கிட்டாரு" என்று பத்திரிகையை நீட்டினாள் லோகேஸ்வரி.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குணா, இது நீ போட்டதா?"

"ஆமாண்ணே" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"இது என் வீடுடா."

எனக்குப் புரியவில்லை. அவர் படத்தின் மூலையில் விரலை வைத்தார். டத்தோவின் முழங்கைக்குப் பின்னால் பத்திரிகைக் கட்டு ஒன்று தெரிந்தது. மேல் பத்திரிகையில் சிவப்புக் கோடுகள். இருபது வருடமாக நான் பார்த்த கோடுகள். அதில் பாதி நான் எழுதிய செய்திகளுக்குப் போட்டவை.

"இது தாயம்மா எல. எட்டாம் நாளுக்கு நாந்தான் போட்டேன். கறி நாந்தான் வச்சேன். இந்த போத்தல நாந்தான் தொறந்தேன். அவ போட்டோ எங்கடா? வெளக்கு எங்க?"

போட்டோவும் விளக்கும் இடது பக்கம் இருந்தனவாம். பிறகு விசாரித்ததில் தெரிந்தது. படத்தை எடுத்தது டத்தோவின் உதவியாளர். டத்தோவின் முகம் நடுவில் வர வேண்டும் என்று இடது பக்கத்தை வெட்டிவிட்டுக் கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். செத்தவரை வெட்டிவிட்டால் படையல் விருந்தாகிவிடும் என்பது அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எத்தனை எட்டாம் நாள் வீட்டில் சாப்பிட்டவன் நான்! இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது தெரியாதா? சுருட்டு வைத்த இலையைப் பார்த்திருக்கிறேன், கள்ளு வைத்த இலையைப் பார்த்திருக்கிறேன். டத்தோவின் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று.

வரிசையில் நின்றவர்கள் பத்திரிகையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு லோகேஸ்வரி மெதுவாக, "அப்ப குடிச்சது அவரு இல்லையா?" என்று கேட்டாள்.

"பச்சத் தண்ணி குடிக்கல. வந்தான், கும்புட்டான், கால் மணி நேரம் ஒக்காந்து அழுதான். சூராட் இல்லாம வந்தது தப்பு. என் மக மூணு மணி நேரம் நின்னா, நீ ஒங்கம்மாவப் பாக்க முடியல, இவனுக்கு என்னா தனி ரோடா? அத நான் அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். ஆனா திங்க வரல, குடிக்க வரல." என் பக்கம் திரும்பினார். "நாளைக்கே இத மாத்திப் போடுறே."

கடைக்குப் போனதும் ஆபீசுக்குப் போன் செய்தேன். துணையாசிரியர் நல்ல மனிதர்தான். கோலாலம்பூரில் பதினேழாவது மாடியில் குடியிருக்கிறார். எட்டாம் நாளுக்கு ஸ்டவுட் வைப்பார்கள் என்றால் அவருக்குச் சிரிப்பு வருகிறது. "டத்தோ அனுமதி இல்லாமல் வந்தாரா இல்லையா? வந்தார். அப்புறம் என்ன? 'விருந்திலா' என்று கேள்விக்குறிதானே போட்டிருக்கிறோம்" என்றார். கேள்விக்குறி இருந்தால் யாரைப் பற்றியும் எதையும் எழுதிவிடலாம் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் நம்பும் ஒரு விஷயம். நானும் நம்பியவன்தான்.

கடைசியில் இறங்கி வந்தார். வீட்டார் எழுத்து மூலம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அந்த ஸ்டவுட் யாருடையது என்று தெளிவாக எழுத வேண்டும். படையல் என்று மட்டும் சொன்னால் யார் நம்புவார்கள்?

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கு வெளியே நின்று விவரத்தைச் சொன்னேன். அண்ணன் வாயைத் திறக்குமுன் ரதி உள்ளிருந்து வந்தாள்.

"முடியாது" என்றாள். "எங்கம்மா ஸ்டவுட் குடிச்சாங்கன்னு பேப்பர்ல போடுவீங்களா? ஏற்கெனவே அந்தப் படத்துக்குக் கீழ என்னென்னமோ எழுதுறாங்க. நான் ஸ்கூல்ல நாப்பது பிள்ளைங்க முன்னுக்கு நிக்கணும். அம்மா செத்துப் பத்து நாள்தான் ஆவுது. அவங்களக் குடிகாரின்னு ஊரு பேசணுமா?"

"யாரும்மா குடிகாரின்னா?" என்றார் அண்ணன்.

"சொல்லுவாங்கப்பா. ஆம்பள குடிச்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பொம்பள குடிச்சா சொல்லுவாங்க. டத்தோவுக்கு வாய் இருக்கு, அவரே சொல்லிக்கட்டும். நீங்க என்னாத்துக்கு அவருக்கு வக்கீலு?"

நியாயமான கேள்வி. இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் நான்தான். வீட்டுக்கு வந்து டத்தோவின் நம்பருக்கே போன் செய்தேன். இந்தத் தடவை எடுக்கும் வரை விடாமல் அடித்தேன்.

டத்தோ ஒன்றும் கோபப்படவில்லை. களைத்த குரலில் பேசினார். "வந்தது தப்புதான். அரிசி கொடுக்கப் பகாவ் வந்தேன்னு சொல்லித் தப்பிக்கலாம், ஆனா நான் தாயக்காவுக்காகத்தான் வந்தேன். போலீசு சம்மன் குடுத்துட்டாங்க, அபராதத்தக் கட்டிடறேன்" என்றார்.

"அது படையல்னு ஓர் அறிக்கை விடுங்களேன், டத்தோ. ஸ்டவுட் ஒங்களுது இல்லன்னு."

"அப்ப யாரோடதுன்னு கேப்பீங்க. நான் தாயக்கா பேர சொல்லணும். அந்த அம்மா கையால சாப்ட்டு வளந்தவன் நான். அவங்க குடிச்சத ஊரு பேச நான் வழி பண்ண மாட்டேன். என்னப் பத்தி என்னா வேணா எழுதிக்குங்க."

இப்படியும் ஒரு பதில் டத்தோவிடமிருந்து வரும் என்று நான் நினைக்கவே இல்லை. மறுநாள் காலையிலேயே போய் அண்ணனிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது.

"அவன் என் பொண்டாட்டி மானத்தக் காப்பாத்துறானா? எவன்டா அவன்? தாயம்மா திருடியா குடிச்சா? ஒளிச்சா குடிச்சா? சனிக்கெழம வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்து, போறவன் வர்றவன் கண்ணு முன்னால குடிச்சா. கிராணி பாத்தான், வேல வாங்குற மண்டோர் பாத்தான், பூசாரி பாத்தான். அவளுக்கு இல்லாத வெக்கம் இவனுக்கு என்னாத்துக்கு?"

கத்தியவர் திடீரென்று அழுதுவிட்டார். பத்து நாளில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். "என் எதிரி அவன். அவன எதுக்குத் திட்டணுமோ அதுக்குத்தான் திட்டணும். செய்யாததுக்கு அவன் அடி வாங்கறத பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தா, நான் இத்தன வருசம் கோடு போட்டது எதுக்கு?" என்றார்.

ரதி அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் ஒரு நோட்டுத் தாளில் எழுதினார். தொழிற்சங்கக் கடிதம் எழுதிய கை, சுருக்கமாக வந்தது. அதை ஆபீசுக்குப் போனில் வாசித்தேன். துணையாசிரியர் கேட்டுவிட்டு, "முதல் பாதி பிரமாதம். 'டத்தோ வந்தது தவறு: துக்க வீட்டார் கண்டனம்' என்று போட்டுவிடலாம். இரண்டாம் பாதிக்கு இடம் இருக்காது" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணன் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். "பாதி போடறதா இருந்தா ஒண்ணும் போடாதீங்க" என்றார். எதிர்முனையில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

என் பத்திரிகையை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் யோசனை வந்தது. எங்கள் பத்திரிகையில் யாரும் வெட்டாத, யாரும் தலைப்பு மாற்றாத, எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடியே போடுகிற பகுதி ஒன்று உண்டு. கருமக்கிரியை விளம்பரம். இறந்தவர் படம், பிறந்த தேதி, மறைந்த தேதி, கீழே வீட்டார் சொல்ல விரும்புவது. துணையாசிரியருக்கு அதில் வேலையே இல்லை, விளம்பரப் பிரிவு நேராக அச்சுக்கு அனுப்பிவிடும். பதினாறாம் நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

அவர் கண் விரிந்தது, உடனே சுருங்கியது. "அதுல கீழ பிள்ளைங்க பேரு போடணுமேடா. ஒரே மக. அவ பேரு இல்லாம அவ அம்மாவுக்கு அறிவிப்பா?"

அதுதான் சிக்கல். ரதியின் பெயர் இல்லாமல் போட முடியாது. அவள் சம்மதிக்காமல் அவள் பெயரைப் போடவும் அண்ணன் தயாரில்லை. எவ்வளவோ பேரை மிரட்டிக் கையெழுத்து வாங்கிய சங்கச் செயலாளர் மகளிடம் மட்டும் கேட்கப் பயந்தார். மூன்று நாள் அந்தத் தாள் சாமி மேடையில் விபூதித் தட்டுக்குக் கீழே கிடந்தது. நான் தினமும் வந்து வந்து போனேன். விளம்பரம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாளும் வந்துவிட்டது.

அன்று காலை நான் கேட்டைத் திறந்துகொண்டு போனபோது ரதி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தாள் அவள் கையில் இருந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்திருக்கிறாள். அண்ணன் சுவர் ஓரமாக நின்றிருந்தார், தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடக் காத்திருக்கும் ஆளைப் போல. ரதி சத்தமாக வாசித்தாள்.

"என் மனைவி தாயம்மாவின் எட்டாம் நாள் படையலுக்கு டத்தோ அனுமதிக் கடிதம் இல்லாமல் மாவட்டம் தாண்டி வந்தார். அது தவறு. அனுமதி கிடைக்காமல் வீட்டிலேயே இருந்து அழுதவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவர் விருந்து சாப்பிடவில்லை, குடிக்கவில்லை. படத்தில் இருந்த ஸ்டவுட் என் மனைவியுடையது. முப்பத்தொரு வருடம் பால் வெட்டிய அவர் சனிக்கிழமைகளில் ஒரு கிளாஸ் குடிப்பார். படையலில் அதை வைத்தது நான். சன்னாசி."

வாசித்து முடித்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். ஸ்டவுட் வரியை அடிக்கப்போகிறாள் என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. அவள் குனிந்து ஒரு வார்த்தையை அடித்தாள். மேலே இன்னொரு வார்த்தை எழுதினாள். பிறகு அடியில், அப்பாவின் பெயருக்குக் கீழே, 'மகள் ரதி, தமிழ்ப்பள்ளி ஆசிரியை' என்று நிதானமாக எழுதித் தாளை என்னிடம் நீட்டினாள்.

'ஒரு கிளாஸ்' என்பதில் 'ஒரு' அடிக்கப்பட்டு 'இரண்டு' என்று இருந்தது.

"ரெண்டுப்பா" என்றாள் ரதி. "ரெண்டாவது நீங்க சங்கக் கூட்டத்துக்குப் போனப்புறம். நாந்தான் ஊத்திக் குடுப்பேன்."

அண்ணனுக்கு நாற்பது வருடம் இரண்டு பத்திரிகை வாங்கியும் தன் வீட்டுச் செய்தி பாதிதான் தெரிந்திருக்கிறது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் இல்லாமல் ஆரம்பித்து, தோள் குலுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரதியும் சிரித்தாள். நான் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய், ஓர் எழுத்தும் மாற்றாமல் தட்டச்சு செய்து அனுப்பினேன்.